மெட் இணையதளத்தில் மைக்கேலாஞ்சலோவின் சிவப்புச் சாக் முன்வரைவு

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் (சுருக்கமாக மெட்), காப்புரிமைக் காலம் முடிந்த தன் சேகரிப்புகளின் படங்களை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம் என்று 2017 பிப்ரவரியில் அறிவித்தது. உருவம் வரையப் பழகிவரும் எனக்கு அந்தச் சேவையின் அருமை, வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் வரும் லிபிய சிபில் என்ற, தெய்வவாக்கு சொல்லும் பெண்ணின் உருவத்துக்காக மைக்கேலாஞ்சலோ 1510-11 வாக்கில் வரைந்த முன்வரைவைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. 1924இல் அருங்காட்சியகம் வாங்கிய இத்தாள், வெளிச்சத்தில் நெடுநாள் வைக்கத் தகாதது என்பதால், நேரில் போனாலும் காணக் கிடைப்பது அரிது.

படத்தைப் பெரிதாக்கினால், முதுகுத் தசைகள் மீது நெருங்கிச் செல்லும் கோடுகளையும், அவை தேய்த்து மென்மையாக்கப்பட்ட இடங்களையும், இடது தோளில் வெள்ளைச் சாக்கால் சிறிதே ஏற்றிய ஒளியையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. சிவப்புச் சாக் என்பது இரும்புத் தாது கலந்த இயற்கைக் களிமண். கூராகச் சீவ வரும், ஆனால் எளிதில் அழிக்க வராது. இந்தப் பெண் தெய்வவாக்காளருக்கு மைக்கேலாஞ்சலோ ஓர் ஆண் உடலையே மாதிரியாக நிறுத்தியிருக்கிறார். தாளின் கீழ்ப்பகுதியில் முகத்தை மறுபடி வரைந்ததோடு, உடலின் எடை முழுவதும் ஊன்றும் இடது கால் பெருவிரலை விடாமல் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருப்பதுதான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. தாளின் பின்பக்கப் படமும் அதே பக்கத்தில் இருக்கிறது.

திரையில் பார்ப்பவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. எவ்வளவும் பெரிதாக்க முடிவதால், இது சுவரளவு ஓவியம் என்ற மயக்கம் வந்துவிடுகிறது, உண்மையில் 28.9 × 21.4 சென்டிமீட்டர்தான், ஏறத்தாழ ஏ4 தாள். ஆகவே அசல் அளவிலேயே அச்சிட்டுப் பாருங்கள். எங்கள் தெருமுனை அச்சகத்தில் பளபளப்புத் தாளில் எடுத்த முதல் பிரதியில், நிறத்தை அவர்களாகவே "சரிசெய்து" காவியை ஆரஞ்சாக்கிவிட்டார்கள். திருத்தம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி, மினுமினுப்பில்லாத தடித்த தாளில் எடுத்த இரண்டாவது பிரதியில் கோட்டின் சொரசொரப்புகூடத் தெரிகிறது. அதை வரைபலகையில் குத்திவைத்து அந்தப் பெருவிரலை மட்டும் வரைந்து வருகிறேன். நான்காவது முறையும் எடை விரலில் இறங்கவில்லை.