பழைய டிவிடி ரைட்டரா, புதியதா? ஆயுளை எதைக் கொண்டு அளப்பது

இன்று கடையில் வாங்கும் மடிக்கணினிகளில் வட்டு இயக்கி இருப்பது அரிது. மேசைக்கணினியின் கூடுகளில்கூட அதற்கு விட்டிருந்த இடத்தைப் பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள். ஆயினும் வட்டின் தேவை சிற்சில மூலைகளில் நீடிக்கிறது. பழைய காரில் பாட்டுக் கேட்க ஆடியோ சிடி வேண்டியவர்கள் இருக்கிறார்கள். திருமண ஒளிப்பதிவை வட்டில் கேட்டு வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். குடும்பப் படங்களை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கை நம்பி வைக்க மனம் ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் வட்டில் எழுதவும் வல்ல இயக்கியான ரைட்டர் ஒன்றைத் தேடிப் புறப்பட்டால், சென்னை ரிச்சி தெருவிலும் இணையச் சந்தைகளிலும் நான்கு வகைச் சரக்கு கண்ணில் படும்: யுஎஸ்பி வடத்தில் இயங்கும் புதிய ஒல்லி ரைட்டர், அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய பழைய முழு அளவு ரைட்டர், வீடியோ ஸ்டுடியோவிலோ நகலெடுக்கும் கடையிலோ உழைத்துக் களைத்த அதே முழு அளவு ரைட்டர், பழைய புளூ-ரே ரைட்டர். இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் மேசைமீது வைத்தால் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் பெரிய சிக்கல்.

ரைட்டரில் எது தேய்கிறது என்பதை அறியாமல் இவற்றை ஒப்பிட இயலாது. முதன்மையான பகுதி, வட்டில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சும் லேசர் டயோடு. வட்டை வாசிக்கும்போது லென்சிலிருந்து வெளிப்படும் ஒளியின் வலிமை சுமார் ஒரு மில்லிவாட் அளவுதான். எழுதும்போதோ வட்டிலுள்ள சாயப்படலத்தைச் சுட்டு மாற்ற வேண்டியிருப்பதால் அது பல பத்து மில்லிவாட்டுக்கு உயர்கிறது. எனவே, ஆண்டுக்கணக்கில் படம் பார்க்க மட்டும் பயன்பட்ட இயக்கியின் டயோடு ஏறக்குறைய புதிதாகவே இருக்கலாம். ஆறே மாதம் இரவு பகலாக வட்டு எழுதிய இயக்கியின் டயோடு முதுமையடைந்திருக்கலாம். தயாரிப்பாளரின் தகவல்தாளில் பல்லாயிரம் மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும் ஆயுட்கணக்கைப் படித்து மயங்க வேண்டியதில்லை. அது நாளின் சிறு பகுதியே இயங்கும் என்ற அனுமானத்தில் ஏராளமான இயக்கிகளின் கூட்டத்துக்குப் போட்ட சராசரி. கையிலுள்ள ஒற்றை இயக்கி எத்தனை வட்டு எழுதும் என்பதற்கான உறுதிமொழி அதில் இல்லை.

டயோடு முதுமையடைவதை வெளியிலிருந்து காண முடியாததற்கும் காரணம் உண்டு. ஒளியின் அளவு குறையும்போது, அதைக் கண்காணிக்கும் சிறு உணரி அதை உணர்ந்து மின்னோட்டத்தைக் கூட்டி ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே பயனருக்கு மாற்றமே தெரிவதில்லை. ஈடுசெய்ய இனி இடமில்லை என்ற எல்லையை எட்டிய பிறகே வட்டுகள் வரிசையாகப் பாழாகத் தொடங்கும். ஒவ்வொரு வட்டையும் எழுதத் தொடங்கும் முன்னர், அதன் உள்விளிம்பில் ஒதுக்கிய சிறு பகுதியில் இயக்கி சோதனையாகச் சுட்டுப்பார்த்து உகந்த வலிமையைத் தேர்ந்தெடுக்கும். அந்தச் சோதனையே தோற்றுவிட்டது என்ற செய்தி திரையில் வந்தால், வட்டு மட்டமானதாக இருக்கலாம். வேறு நிறுவனத்தின் வட்டிலும் அதே செய்தி வந்தால் டயோடைத்தான் ஐயுற வேண்டும்.

மற்றவை எல்லாம் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். தட்டை உள்ளிழுக்கும் ரப்பர் பெல்ட் நீண்டநாள் ஒரே நிலையில் இருந்து இறுகிப்போகும். லேசரைச் சுமக்கும் தலைப்பகுதி நகரும் தண்டின் கிரீஸ் காய்ந்து கெட்டியாகும். லென்சில் தூசி படியும். அலுவலகக் கணினியின் விசிறி காற்றை முன்பக்க இடுக்குகள் வழியாக உள்ளிழுப்பதால், ஒருமுறைகூட வட்டு எழுதாத ரைட்டரின் லென்சிலும் தூசி படிந்திருப்பது இயல்பு. பெல்ட் மலிவு, தூசியை ஊதுபந்தாலும், தேவைப்பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சாலும் மெல்ல நீக்கலாம். சமையலறை எண்ணெய்ப் புகையோ சிகரெட் புகையோ படிந்த லென்ஸ் மட்டும் அவ்வளவு எளிதில் தெளிவதில்லை.

இந்த அறிவோடு புதிய ஒல்லி ரைட்டரையும் பழைய முழு அளவு ரைட்டரையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். புதியது என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது மடிக்கணினிக்காக வடிவமைத்த, 9.5 அல்லது 12.7 மில்லிமீட்டர் உயரமுள்ள இயக்கி. அதற்கான மின்சாரம் முழுவதும் யுஎஸ்பி வடத்தில் வருகிறது. யுஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது இரண்டரை வாட். வட்டு சுழலத் தொடங்கும்போதும் எழுதும்போதும் இது பற்றாமல் போவதுண்டு. இரண்டு துளைகளில் செருகும் இரட்டை வடத்தைச் சில இயக்கிகளோடு கொடுப்பது இதனால்தான். பாதியில் எழுத்து நின்றுபோவதற்கு இயக்கியைவிட நீட்டிப்பு வடமோ மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப்போ காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மேலும், ஒல்லி ரைட்டரின் தட்டை வெளியே இழுத்தால் லேசர் தலையும் மோட்டாரும் தட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகின்றன. லென்ஸ் தூசிக்கும் விரலுக்கும் வெளிப்படுவதோடு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பட்டை வடம் மடங்கி விரிகிறது. வட்டை மோட்டாரின் தலையில் கையால் அழுத்திப் பொருத்த வேண்டியிருப்பதால், அவசரக்காரர் கையில் அந்தப் பிடிப்பும் தளரும்.

முழு அளவு ரைட்டரில் லேசர் தலை எப்போதும் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது; வட்டுக்கான தட்டு மட்டுமே வெளியே வருகிறது. மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட் என இரு தனி வழிகளில் பெறுவதால் மோட்டாரும் லேசரும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதில்லை. ஒல்லி வகை டிவிடியை 8 மடங்கு வேகம் வரை எழுத, இது 16, 22, 24 மடங்கு வரை எழுதும். ஒரு மடங்கு என்பது விநாடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட். உச்ச வேகத்துக்காக முழு அளவு ரைட்டரை வாங்கச் சொல்ல மாட்டேன். 24 மடங்கில் எழுதிப் பெருமைப்படுவதைவிட 8 மடங்கில் எழுதி ஒன்பது நிமிடம் காத்திருப்பதே வட்டுக்கும் நல்லது, டயோடுக்கும் நல்லது. ஆனால் 24 மடங்குக்காகக் கட்டப்பட்ட இயக்கியை 8 மடங்கில் ஓட்டும்போது அது தன் எல்லையிலிருந்து வெகு தொலைவில் நிற்கிறது. ஒல்லி இயக்கியோ அதே வேகத்தில் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கிறது. மாதம் பத்திருபது வட்டு எழுதுபவருக்கு, நன்றாக இருக்கும் பழைய முழு அளவு ரைட்டர் புதிய ஒல்லி ரைட்டரைவிட மேல் என்ற என் முடிவுக்கு அடிப்படை இதுவே.

மடிக்கணினிக்காரரும் இதைப் பயன்படுத்தலாம், சற்று மெனக்கெட்டால். மேசைக்கணினிக்குள் இயக்கியை இணைக்கும் சாட்டா முறையை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் 12 வோல்ட் தரும் தனி மின்னூட்டியோடு வர வேண்டும். இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்குக்காக விற்கும் மலிவான வடத்தில் 5 வோல்ட் மட்டுமே வரும். சில அடாப்டர்களின் சில்லு வட்டு இயக்கிகளை அறிந்துகொள்வதே இல்லை. இந்தச் செலவையும் மேசையில் அடைபடும் இடத்தையும் கூட்டிப் பார்த்தால், ஆண்டுக்கு நான்கு வட்டு எழுதுபவர் உத்தரவாதத்தோடு வரும் புதிய ஒல்லி ரைட்டரை வாங்கிக்கொள்வதே அறிவுடைமை. சாட்டாவுக்கு முந்தைய, பட்டையான பழைய ஐடிஇ வடம் கொண்ட ரைட்டரை யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்பேன்.

இப்போது அந்த இரட்டையர்களுக்கு வருவோம். அலுவலகத்தில் மென்பொருள் நிறுவ இரண்டு முறை வட்டு சுழன்ற ரைட்டரும், ஸ்டுடியோவில் முகூர்த்த மாதந்தோறும் ஆல்பத்தோடு பத்துப் பத்து டிவிடி எழுதித் தள்ளிய ரைட்டரும் ஒரே அட்டைப்பெட்டியில் கிடக்கும். கடைக்காரரை நம்புவதா என்பது தனிக் கேள்வி. அவருக்கே தெரியாமலிருக்கவும் வாய்ப்புண்டு. ஹார்ட் டிஸ்கில் ஓடிய மணி நேரத்தை மென்பொருளில் பார்ப்பதுபோல, ரைட்டர் எத்தனை வட்டு எழுதியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொதுவான வழி இல்லை. ஆகவே சில தடயங்களைத்தான் நம்ப வேண்டும். பெரிய கணினி நிறுவனத்தின் பாக எண் ஒட்டிய ரைட்டர் அலுவலகக் கணினியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே மாதிரி ரைட்டர்கள் ஏழெட்டு, எல்லாவற்றிலும் முகப்பு வெளிறி, திறக்கும் பொத்தான் தேய்ந்து பளபளத்தால், அவை பல ரைட்டர்களை அடுக்கி ஒரே நேரத்தில் வட்டுகளை நகலெடுக்கும் கோபுரத்திலிருந்து கழற்றியவையாக இருக்கலாம். விலை பாதியானாலும் தொடாதீர்கள். மேலே ஒட்டிய தாளில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். சோனி 2013-இல் வட்டு இயக்கித் தயாரிப்பை விட்டது. தோஷிபா, சாம்சங் இரண்டின் கூட்டு நிறுவனம் 2016-இல் நொடித்துப்போனது. எனவே அந்தப் பெயர்களில் 'ஸ்டாக்கில் கிடந்த புதியது' என்று எவரேனும் நீட்டினால், பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் உள்ளே பெல்ட்டும் கிரீஸும் தம் வயதை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தயாரித்த ஆண்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எந்த வட்டை எப்படிச் சுட வேண்டும் என்ற குறிப்புகள் ரைட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் பதிந்திருக்கின்றன. வட்டில் பொறித்த தயாரிப்பாளர் குறியீட்டைப் படித்து அதற்குரிய குறிப்பை அது எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் இல்லாத வட்டைப் பொதுவான முறையில் சுடுகிறது, விளைவும் பொதுவானதாகவே இருக்கிறது. மிகப் பழைய ரைட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் வரப்போவதில்லை. வட்டுகளும் முன்போல் இல்லை. தமிழ்ப் படங்களை மலிவு விலையில் வட்டாக விற்று நம் வீடுகளுக்குள் வந்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவானது. தரத்துக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் தையோ யூடன் 2015-உடன் உற்பத்தியை நிறுத்தியது. கைக்குக் கிடைக்கும் வட்டோடு ரைட்டர் ஒத்துப்போகிறதா என்பதை எழுதிப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது.

எழுதிப் பார்ப்பது என்றேன். கடைகளில் நடக்கும் சோதனை பெரும்பாலும் அதுவல்ல. ஒரு பாட்டு சிடியைப் போட்டுக் காட்டி 'ஓடுது பாருங்க' என்பார்கள். சிடிக்கான லேசர் 780 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குவது, டிவிடிக்கானது 650. இரண்டும் தனித்தனி ஒளிமூலங்கள். சிடி பாடுவது டிவிடி லேசரைப் பற்றி எதையும் மெய்ப்பிப்பதில்லை, எழுதும் திறனைப் பற்றி அறவே இல்லை. நல்ல வெற்று டிவிடிகள் இரண்டைக் கையோடு எடுத்துச் சென்று, ஒன்றை விளிம்பு வரை நிரம்ப எழுதச் சொல்லுங்கள். பாதி நிரப்பிய வட்டு போதாது. தளர்ந்த மோட்டாரும் சோர்ந்த லேசரும் தம்மைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வெளிவிளிம்பில். அதைவிட முக்கியம், எழுதிய வட்டை வேறொரு இயக்கியில் முழுவதும் படித்துப் பார்ப்பது. தன் தலை சற்றே கோணிய ரைட்டர் தான் எழுதியதைத் தானே பிசகின்றிப் படித்துவிடும், மற்றவை திணறும். லைட்-ஆன் ரைட்டர் ஒன்று கிடைத்தால் இன்னும் நன்று, ஏனெனில் அந்நிறுவனத்தின் பல மாதிரிகள் வட்டில் உள்ள பிழைகளை எண்ணித் தரும். தரநிலை பொறுத்துக்கொள்வது, வட்டின் தரவில் அடுத்தடுத்த எட்டுத் தொகுதிகளில், படிக்கும்போதே திருத்தப்படும் 'பிஐ' வகைப் பிழைகள் 280 வரை. எண்ணிக்கை அதைவிட மிகத் தாழ்ந்து, சில பத்துகளுக்குள் சீராக இருந்தால் ரைட்டரும் வட்டும் ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம்.

படம் பார்க்கவும் விரும்புபவர், எந்த நாட்டுக்கான பட வட்டு ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் மண்டலக் குறியீட்டையும் கவனிக்க வேண்டும். டிவிடி இயக்கியில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். முந்தைய உரிமையாளர் அந்த ஐந்தையும் செலவழித்து அமெரிக்காவின் 1-இல் நிறுத்தியிருந்தால், இந்தியாவின் 5-க்குத் திரும்ப இயலாது. வெற்று வட்டில் எழுதுவதை இது பாதிப்பதில்லை.

புளூ-ரேயில் என் ஆலோசனை தலைகீழாகிறது. ஒரு வட்டில் 25 அல்லது 50 ஜிபி, சிலவற்றில் 100 ஜிபி வரை கொள்ளும் என்பது கவர்ச்சியானதுதான். ஆனால் 405 நானோமீட்டர் ஊதா லேசரைக் குவிக்கும் லென்சின் துளையெண் (ஒளியை எவ்வளவு சிறு புள்ளியாகக் குவிக்க முடியும் என்பதன் அளவு) 0.85, டிவிடிக்கு அது 0.6 அளவே. ஒளிப்புள்ளி சிறுத்து, லென்ஸ் வட்டுக்கு மிக நெருங்கி, வட்டின் காப்புப்படலம் 0.1 மில்லிமீட்டராக மெலிந்த இந்த ஏற்பாட்டில் சிறு தூசியும் சிறு சாய்வும் பெரும் பிழையாகின்றன. டிவிடி ரைட்டரில் மன்னிக்கப்படும் முதுமை இதில் மன்னிக்கப்படுவதில்லை. போதாக்குறைக்கு, சில பழைய மாதிரிகள் 4கே வட்டுகளைக் கணினியில் படிக்க உதவுவதால் சேகரிப்பாளர்கள் அவற்றின் விலையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எழுத மட்டும் தேடுபவர் அந்தக் கூடுதல் விலையை வீணே கொடுக்கிறார். எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியதையும் நினைத்துப் பார்த்தால், புளூ-ரே வேண்டுமென்றே முடிவெடுத்தவர் புதிய ரைட்டரையும் போதுமான வட்டுகளையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுவது உத்தமம்.

டிவிடியோடு நிறைவடைபவர் என்னிடம் கேட்டால், 2012-க்குப் பிந்தைய, அலுவலகக் கணினியிலிருந்து வந்த சாட்டா ரைட்டர்கள் இரண்டை வாங்கச் சொல்வேன். இரண்டும் சேர்ந்தாலும் புதிய ஒல்லி ரைட்டர் ஒன்றின் விலையை எட்டுவது அரிது. ஒன்றில் எழுதி மற்றொன்றில் சரிபார்க்கலாம். எழுதுவது தளரும் நாளில் அதைப் படிப்பதற்கு ஒதுக்கிவிட்டு, அதுவரை படித்துக்கொண்டிருந்ததை எழுத வைக்கலாம்.