சைக்கிள் கடை அட்டைப்பெட்டி: விமானத்துக்குத் தாங்குமா?

புது சைக்கிள் வந்து இறங்கும் அட்டைப்பெட்டி ஏறக்குறைய 140 செ.மீ. நீளம், 80 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம் இருக்கும். கேட்டால் பெரும்பாலான கடைகளில் இலவசமாகவே கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு இது தாராளமாகப் போதும், உள்ளே ஒழுங்காகக் கட்டியிருந்தால்.

எடைதான் இதன் பெரிய பலம். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகள் பல 11 முதல் 13 கிலோ வரை வரும். பல விமான நிறுவனங்களின் வரம்பு 23 கிலோ. அதில் பாதி பெட்டிக்கே போய்விடும். அட்டை 5 கிலோவுக்குள் அடங்கும். ஓர் ஊரில் இறங்கி, ஓட்டிக்கொண்டே போய் வேறு ஊரில் விமானம் ஏறுபவர்களுக்கு, விட்டுவிட்டுப் போகக்கூடிய பெட்டி இது ஒன்றுதான்.

வாங்கும்போது கைப்பிடித் துளைகள் கிழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடிப்பக்கப் பின்கள் நம்பிக்கைக்கு உரியவை அல்ல. அகலமான டேப்பை நீளவாக்கில் மூன்று வரிசை ஒட்டுங்கள்.

அதிகம் அடிபடுவது பின்பக்க டெரெய்லர், அதாவது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியர் பாகம். பெட்டியைப் படுக்க வைத்து மேலே மூட்டை ஏற்றினால் அழுத்தம் நேராக, டெரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கரில் இறங்கும். ஃபிரேம் தப்ப வேண்டும் என்பதற்காகவே வளைகிற மெல்லிய அலுமினியத் துண்டு அது. சில மில்லிமீட்டர் வளைந்தாலே கியர் ஒழுங்காக விழாது. பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது டெரெய்லர் ஸ்போக்கில் சிக்கலாம். டெரெய்லரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு 5 மி.மீ. ஆலன் போல்ட்தான். கேபிளைக் கழற்றாமல் டெரெய்லரை மட்டும் எடுத்து, துணி சுற்றி, ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கள். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் மாற்று ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது அவசியம்.

முன்சக்கரத்தைக் கழற்றியதும், அதைப் பிடித்திருந்த ஃபோர்க்கின் முனைகளுக்கு இடையே தாங்கு கட்டை வேண்டும். புது சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் கட்டையைப் பெட்டியோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் பேடுகளுக்கு நடுவிலும் ஒரு தகடு செருக வேண்டும். லீவர் அழுந்தினால் பிஸ்டன் வெளியே தள்ளி, ரோட்டர் (சக்கரத்திலுள்ள பிரேக் தட்டு) நுழைய இடமிருக்காது.

பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பானர் அல்லது பின்னாலிருந்து ஆலன் கீ. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம்: பெடல் இருக்கும் வெளிப்பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். சீட் போஸ்ட்டை இறக்கும் முன் உயரத்தை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரை, அதை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மிலிருந்து கழற்றி ஃபிரேமோடு கட்டினால் போதும். ஸ்டெம்மையே எடுத்தால் ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்குகள்) தளர்ந்துவிடும்.

வெடித்துவிடும் என்று பயந்து, டயரில் காற்றை முழுக்க இறக்கச் சொல்வார்கள். ஆனால் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு. பாதி இறக்கினால் போதும். காற்றே இல்லாத டயரில் அடி நேராக ரிம்மில் விழும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறீர்களா? டயரிலும் ஃபிரேமிலும் துளி மண் இல்லாமல் கழுவுங்கள், உயிரியல் பாதுகாப்புச் சோதனை அங்கே கடுமை. மின்சைக்கிளைப் பேட்டரியோடு கொண்டுபோக பெரும்பாலும் இந்த வழியே இல்லை: 160 வாட்-அவருக்கு (பேட்டரியில் சேரும் மின்னாற்றலின் அளவு) மேற்பட்ட லித்தியம் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏறாது, மின்சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை.

அட்டையின் பலவீனம் மழை. நனைந்த அடிப்பக்கம் பிரிந்தால் சின்ன பாகங்கள்தான் முதலில் தொலையும்; போல்ட், பெடல், ஆக்ஸில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஃபிரேமில் கட்டுங்கள். சோதனைக்குப் பெட்டியைத் திறப்பவர்கள் திரும்ப ஒட்ட, மூடிக்கு அடியிலேயே ஒரு டேப் சுருள் வையுங்கள்.

கார்பன் ஃபிரேமோடு வருடத்துக்கு நாலைந்து முறை பறப்பவர்கள் கெட்டிப் பெட்டியே வாங்கலாம். மற்றவர்கள், திரும்பும் ஊரிலுள்ள கடைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி ஒரு பெட்டியை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வந்த அன்றே மடித்துக் கழிவுக்கு அனுப்பிவிடும் கடைகள் நிறைய.