தூக்கக்கார மேகியா, ஜன்னல் உடைப்பா?

அயர்லாந்தின் நடன மெட்டுகளில் முதலில் எதைப் பழகலாம்? பெயரிலேயே ஆசை வந்துவிடும் இரண்டை எடுத்துக்கொள்வோம்: ‘ட்ரௌஸி மேகி’, ‘ஸ்மாஷ் தி விண்டோஸ்’.

பெயர்: மேகி தூங்கி வழிபவள், ஆனால் மெட்டு ஓட்டமாக ஓடும். மற்றதற்கு ‘ஜன்னல்களை உடை’ என்று பொருள். அதற்கே ‘ரோரிங் ஜெல்லி’, அதாவது உறுமும் ஜெல்லி, என்று இன்னொரு பெயரும் உண்டு! எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

தாளம்: மேகி ‘ரீல்’ வகை, தகதிமி தகதிமி என்று நான்கு நான்காகப் போகும். ஜன்னல் ‘ஜிக்’, தகிட தகிட.

விரல்: இங்கேதான் உண்மையான வித்தியாசம். மேகியின் தொடக்கம் கீழ் ஈ, பி என்ற இரண்டு சுரங்களுக்கு இடையே ஊசலாடுகிறது. ஃபிடிலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் ஒரே விரலில் கிடைக்கும், வில்லை அசைத்தால் போதும். டின் விசிலில் (ஆறு துளைகள் கொண்ட சிறு குழல்) ஒவ்வொரு தாவலுக்கும் நான்கு விரல்கள் எழுந்து விழ வேண்டும். ஜன்னல் மெட்டு பெரும்பாலும் டி மேஜர் என்ற சுர வரிசையில் வாசிக்கப்படுவதால், அதே சுர வரிசைக்கு அமைந்த டி விசிலுக்கு அப்படியே பொருந்தும்.

ஃபிடில் வைத்திருந்தால் மேகி. விசில் என்றால் முதலில் ஜன்னலை உடையுங்கள், அப்புறம் மேகியை எழுப்பலாம்.