கோடை மழைக்கு எந்தக் கலவை: செம்மண்ணா, கோகோபீட்டா?

ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் கொட்டிவிட்டு மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில் அடித்தால், மாடித் தோட்டத்துப் பைகளில் என்ன கலவை இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கோகோபீட், அதாவது தேங்காய் மட்டையின் நார்த்தூள், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத கோடையில் அது வரம். தொடர்ந்து நாலு நாள் பெய்தால் அதுவே தொல்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். அதை நம்பித் தண்ணீர் ஊற்றினால் தக்காளி, மிளகாய் நாற்றுகள் தண்டு அழுகிச் சாயும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சத்தும் அதில் சொற்பம். உரமாகப் போட்டதையும் பெருமழை கரைத்துக்கொண்டு போய்விடும். மழை விட்டதும் மண்புழு உரம் ஒரு கைப்பிடி போடுவது நல்லது.

செம்மண்ணில் சத்து ஓரளவு தங்கும், செடியும் காற்றில் சாயாது. ஆனால் கனம், பழைய மாடியென்றால் யோசிக்க வேண்டும். மழைத்துளி அடித்து மேல்மண் இறுகிவிடும், அப்புறம் லேசாகக் கொத்திவிட வேண்டும். மேலே காய்ந்த இலைகளைப் பரப்பினால் இறுகுவதும் குறையும், சேறு தெறித்து இலையில் நோய் வருவதும் குறையும்.

கத்தரி, வெண்டைக்கு என் ஓட்டு செம்மண் கலவைக்கே, ஆற்று மணலும் தொழுவுரமும் சேர்த்து. கோகோபீட்டை நாற்றுத் தட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அதையும் மழை படாத இடத்தில் வைத்து. கீரைக்கு எதுவானாலும் சரி, பையின் அடியில் துளை அடைக்காமல் இருந்தால் போதும்.