21 கியரை 27 ஆக்கித் தருகிறேன் என்றார்கள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, காவிரிப் பாலத்தின் நடுவில் என் சைக்கிளின் பின் அச்சு இரண்டாக முறிந்தது. நல்ல வேளையாக விழவில்லை. சக்கரம் ஒருபுறம் சாய்ந்து ஃப்ரேமில் உராய்ந்து அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த டவுன் பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்ததோடு விட்டுவிட்டார். பின்சக்கரம் உருள மறுத்ததால் சத்திரம் பேருந்து நிலையம் வரை சைக்கிளைப் பாதி தள்ளி, பாதி தூக்கிக்கொண்டு போனேன். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு.

அந்த அச்சு தானாக முறியவில்லை. அதை முறிக்க நானே 6,400 ரூபாய் கொடுத்திருந்தேன். திருச்சியில் தினசரி சைக்கிளில் போய்வருகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

என்னுடையது ஆறு வருடப் பழைய 21 கியர் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஸ்ரீரங்கத்திலிருந்து கண்டோன்மென்ட் போய் வருவேன். மேம்பாலம் ஏறும்போது அழுத்தி மிதித்தால் செயின் 'டக்' என்று ஒரு பல் தாண்டத் தொடங்கியது. அது மட்டும்தான் என் புகார். அதைச் சொல்லத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடை. பெயர் சொல்லப் போவதில்லை.

கடைக்காரர் செயினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஏழு ஸ்பீடெல்லாம் பழைய காலம் மேடம். ஒன்பது ஸ்பீடு கேசட் போட்டுவிடலாம். 27 கியர் ஆகிவிடும். ஏற்றம் தெரியவே தெரியாது" என்றார். கேசட் என்றால் பின்சக்கரத்துப் பல்சக்கரங்களின் அடுக்கு. என் ஹேண்டில் பாரில் கியர் மாற்றத் தட்டும் ஷிஃப்டர் ஏழு ஸ்பீடுக்கானது ஆயிற்றே, அதையும் மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். "எதற்கு மேடம் வீண் செலவு? பழையதே போதும், நான் செட் பண்ணித் தருகிறேன்" என்றார். நான் ஏமாந்த இடம் அதுதான். கூடுதலாக ஒன்றை விற்கப் பார்த்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். செலவைக் குறைத்துக் கொடுக்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

அந்த 'மிச்சம்' என்ன செய்தது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஷிஃப்டரில் ஒரு கிளிக் தட்டினால் கேபிள் குறிப்பிட்ட அளவுதான் இழுக்கும். ஏழு ஸ்பீடில் பக்கத்துப் பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு இடையே 5 மில்லிமீட்டர். ஷிஃப்டரும் அந்த அளவுக்கே செய்யப்பட்டது. ஒன்பது ஸ்பீடில் அதே இடைவெளி 4.35 மில்லிமீட்டர். ஒரு கிளிக்குக்கு 0.65 மில்லிமீட்டர் பிசகு. முதல் கிளிக்கில் தெரியாது. மூன்று கிளிக் தட்டியதும் செயின் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அங்கே பல்சக்கரம் கிடையாது. சின்னதிலிருந்து எண்ணினால் நான்காவது 13.05-இல், ஐந்தாவது 17.4-இல். செயின் இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்று கரகரக்கும். மிதி அழுத்தம் கூடினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தாவும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஏழு நிலை உள்ள ஷிஃப்டரால் ஆறு கிளிக்தான் தட்ட முடியும். அதாவது 30 மில்லிமீட்டர். ஒன்பதாவது பல்சக்கரம் இருப்பது 34.8-இல். அது எது தெரியுமா? ஏற்றத்துக்கென்று அவர் காட்டிக் காட்டி விற்ற பெரிய பல்சக்கரம். இரண்டு மாதம் அதைச் சுமந்து திரிந்தேன். செயின் ஒரு நாளும் அதன்மேல் ஏறவில்லை. பழைய பெரிய பல்சக்கரத்தில் ஏறிய அதே ஏற்றத்தை, கூடுதலாகப் பணம் கட்டிவிட்டு, இன்னும் மூச்சு வாங்க ஏறினேன்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சத்தம் மட்டும் தெரிந்தது. நான்கு முறை கடைக்குப் போனேன். முதல் முறை, "புதுசு இல்லையா மேடம், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்." இரண்டாவது முறை, கேபிள் தளர்ந்திருக்கிறது. மூன்றாவது முறை, நான் கியர் மாற்றும் விதம் தப்பு. நான்காவது முறை கடைப் பையன் ஒருவன், "ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் அக்கா, லேடீஸுக்கு அதுதான் சேஃப்டி" என்றான்.

நான் புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, என் அம்மா முப்பது வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாடகை சைக்கிளில் ஏறியவர். ஊரே கேலி செய்தும் இறங்காதவர். அவருடைய மகளை இறங்கித் தள்ளச் சொல்கிறான். அன்று கடையில் நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

அச்சு முறிந்த அன்று மாலை, எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கியர் சைக்கிள் அவருக்குத் தெரியாது என்று நானாக நினைத்துக்கொண்டு ஆறு வருடமும் அவரிடம் காற்று மட்டுமே அடித்திருக்கிறேன். அவர் சக்கரத்தைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இது கேசட் இல்லையேம்மா" என்றார்.

பின் பல்சக்கர அடுக்கில் இரண்டு வகை. ஃப்ரீவீல் என்பது சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மறையால் திருகி மாட்டுவது. கேசட் என்பது ஹப்போடு சேர்ந்த வரி வரியான உருளையில் செருகி மேலே பூட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். என் பழைய ஹப் மறை வைத்தது. அதில் கேசட் ஏறவே ஏறாது. கேசட் என்று சொல்லி எனக்கு மாட்டியது ஒன்பது பல்சக்கரம் கொண்ட திருகு ஃப்ரீவீல்.

பெயர் மாறினால் போகட்டும் என்று விட முடியாது. கேசட் ஹப்பில் வலப்பக்கத்து பேரிங் கிட்டத்தட்ட ஃப்ரேம் ஓரம் வரை வந்து அச்சைத் தாங்கும். மறை ஹப்பில் அந்த பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் நின்றுவிடும். அதற்கு வெளியே உள்ள அச்சுக்குத் தாங்கல் கிடையாது. பல்சக்கரம் கூடக்கூடத் தாங்கலில்லாத நீளமும் கூடும். போதாததற்கு, ஒன்பதின் அகலம் ஃப்ரேமில் இடித்ததால் வலப்பக்கம் இரண்டு வாஷர்களைச் சொருகியிருந்தார்கள். சக்கரம் இடப்பக்கம் நகர்ந்து, பிரேக் கட்டை எப்போதும் ரிம்மைத் தொட்டுக்கொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் புரிந்தது. பாலத்து இணைப்புகளில் தினமும் இருமுறை தடதடத்த அச்சு இரண்டு மாதம் தாங்கியதே அதிகம் என்றார் பெரியவர்.

என் பழைய செயினைப் பார்த்திருந்தால் நோயை அப்போதே சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். செயினில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம். 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். இரும்பு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பின்பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். என்னுடையது இரண்டாவது வகையாகத்தான் இருந்திருக்கும். அளந்து பார்க்கப் பழைய செயினும் இல்லை, பழைய ஃப்ரீவீலும் இல்லை; கடையில் கேட்டபோது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். எந்தக் கடையிலும் கழற்றிய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

பெரியவர் செய்தது இவ்வளவுதான்: பெரிய பல்சக்கரம் 34 பல் உள்ள ஏழு ஸ்பீடு ஃப்ரீவீல் 850 ரூபாய், அதற்குரிய செயின் 600, புது அச்சும் குண்டுகளும் 250, கூலி 200. மொத்தம் 1,900. கூலியை உயர்த்தித் தருகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டார். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் டெரெய்லர், கடையில் புதிதாக மாட்டியது, அதை மட்டும் கழற்றவில்லை. ஷிமானோ கம்பெனியின் ஏழு, எட்டு, ஒன்பது ஸ்பீடு டெரெய்லர்கள் அநேகமாக ஒரே அளவில்தான் நகரும், கிளிக் கணக்கு ஷிஃப்டரில்தான் இருக்கிறது, ஆகவே அது இருக்கட்டும் என்றார். 6,400 ரூபாயில் உருப்படியாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

டயர் விஷயத்திலும் இதே கதை நடக்கிறது. உடன் வேலை செய்யும் ஒருவருக்கு '26 அங்குலம்' என்று சொல்லி ஒரு டயரைத் தலையில் கட்டிவிட்டார்கள். 26 என்ற பெயரில் பல அளவுகள் உண்டு. 26 x 1.75 என்பது 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு. 26 x 1 3/8 என்பது 590-க்கு. ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. அங்குலத்தைப் பார்க்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதன் கடைசி மூன்று இலக்கம் பழைய டயரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று வீட்டில் சொன்னார்கள். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம்கூடக் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணில் பேசியும் பார்த்தேன். முதலில் பில்லைத்தான் கேட்டார்கள். என் பில்லில் இருப்பது இரண்டே வரி: 'கியர் செட் 5,400. கூலி 1,000.' பாகத்தின் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை, கேசட் என்ற சொல்கூட இல்லை. அவர் வாயால் சொன்னதை நான் எதைக் காட்டி நிரூபிப்பது? ஆனாலும் எழுத்தில் ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். முறிந்த அச்சு, வாஷர்கள், அந்த ஃப்ரீவீல் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

நேற்று அதே கடையிலிருந்து என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பொங்கல் சலுகையாம். எந்த சைக்கிளுக்கும் டிஸ்க் பிரேக் பொருத்தித் தருகிறார்களாம், நான் பழைய வாடிக்கையாளர் என்பதால் பத்து சதவீதம் தள்ளுபடி. என் ஃப்ரேமில் டிஸ்க் பிரேக் மாட்ட இடமே கிடையாது.