வோடூன் திருவிழாச் சுற்றுலா: ஐந்துக்கு மூன்று

கீழக்கரையில் 30 ஆண்டுகளாகச் சங்கு வாங்கி விற்கிறவன் நான். சென்ற ஜனவரியில் என் மச்சானோடு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்குப் போய்வந்தேன். ஊயிதா என்ற கடற்கரை ஊரில் வோடூன் திருவிழா. வோடூன் என்பது அந்த மக்களின் பாரம்பரிய மதம். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஏழு நாள் பயணம், ஆளுக்கு 2,85,000 ரூபாய். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

விளம்பரத்தில் 'மர்மச் சடங்குகள்' என்று போட்டிருந்தார்கள். மர்மம் ஒன்றும் இல்லை. ஜனவரியில் வரும் இந்தத் திருவிழாவுக்கு அங்கே அரசு விடுமுறை. ஒரே துணியில் குடும்பத்துக்கே உடை தைத்துக்கொண்டு, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஊரே கடற்கரைக்கு வருகிறது. ஏர்வாடி சந்தனக்கூடு நெரிசலில் வளர்ந்தவனுக்கு அந்தக் கொட்டுச் சத்தமும் புழுதியும் அந்நியமாகத் தெரியவில்லை.

வைக்கோல்போர் நடந்து வருவதுபோல் ஸாங்பெட்டோ என்ற வேடம் சுழன்று வருகிறது. ஊரின் இரவுக் காவல் அதனுடைய பொறுப்பாம். சட்டென்று நிறுத்திக் கவிழ்த்துக் காட்டினார்கள். உள்ளே ஆள் இல்லை. "கீழே குழி தோண்டியிருப்பார்கள் மச்சான்" என்று காதைக் கடித்தார் என் மச்சான். எனக்கு அந்த ஆராய்ச்சியில் நாட்டமில்லை.

என் கண் வேறு இடத்தில் நின்றுவிட்டது. முன்னோர் வடிவாக வரும் எகுங்குனுக்குத் தலை முதல் கால் வரை அடுக்கடுக்காகத் துணி. அது நம்மேல் உரசக்கூடாது என்று கோலோடு ஆட்கள் கூட்டத்தை ஒதுக்குகிறார்கள். முகத்திரை முழுவதும் சோழி. மாலத்தீவுச் சோழி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டேன். உள்ளூர் வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். மறுநாள் ஊருக்குள்ளிருந்து கடற்கரைக்குப் போகும் அடிமைப் பாதையில், சுமார் 4 கிலோமீட்டர், அவரே மீதியைச் சொன்னார். ஐரோப்பியக் கப்பல்கள் அந்தச் சோழியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்து, இந்தக் கரையில் மனிதர்களை வாங்கியிருக்கின்றன. பாதை முடியும் இடத்தில் 'திரும்பா வாசல்' என்ற வளைவு நிற்கிறது. அதற்கு அப்பால் அலைதான். ஒரு தட்டில் சோழி, மறுதட்டில் ஆள். தராசு பிடித்தே பிழைத்தவனுக்கு அன்று மதியம் சோளமாவுக் களியும் பொரித்த மீனும் இறங்கவில்லை.

இந்தப் பாதைக்கு நிறுவனம் ஒதுக்கியது 40 நிமிடம், அதுவும் பஸ்ஸில். சண்டை போட்டுத்தான் இறங்கி நடந்தோம். நினைவுப்பொருள் கடைக்கு மட்டும் இரண்டு மணி நேரம்! கன்வியே என்ற ஏரிக் கிராமத்தில் வீடுகள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. சந்தையே படகில் மிதக்கிறது. கேமராவைக் கண்டதும் பெண்கள் தொப்பியால் முகத்தை மறைக்கிறார்கள். எங்கள் குழுத்தலைவரோ படகை இன்னும் அருகே விடச் சொன்னார். மண்டபம் ஊரில் கருவாடு காயவைக்கும் பெண்களிடம் யாராவது இப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயம் இன்னும் மோசம். பயணத்துக்குப் 10 நாளுக்கு முன்பே போட்டால்தான் சான்றிதழ் செல்லும். கிளம்ப 12 நாள் இருக்கும்போது போனில் சொல்கிறார்கள். விழுந்தடித்துக்கொண்டு கிண்டி கிங் நிலையத்துக்கு ஓடினோம்.

மூன்று மதிப்பெண்ணும் அந்த உள்ளூர் வழிகாட்டிக்குத்தான். ஒரு மரத்தடியில் இரண்டு பெரியவர்கள் பல்லாங்குழி ஆடுவதைப் பார்த்து நான் நின்றதும், அவர் பஸ்ஸைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னை உட்காரவைத்தார். நமக்கு 14 குழி, அவர்களுக்கு 12. மூன்று ஆட்டமும் தோற்றேன். பயணத் திட்டத்தில் இது எங்கேயும் இல்லை.

போக நினைப்பவர்கள் முதலில் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்கு வரமாட்டோம் என்று பணம் கட்டுமுன்பே எழுதி வாங்குங்கள். கட்டணத்தில் பேரமும் பேசுங்கள். வியாபாரியாக இருந்தும் நான் பேசாமல் கொடுத்துவிட்டேன், மச்சான் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.