நாகர்கோவில், தக்கலை பக்கம் கம்ப்யூட்டர் சரிபார்க்க ஆள் கூப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே பைல் போகவில்லை என்பதற்காக என்னிடம் 7,800 ரூபாய் வாங்கினார்கள். அதில் ஒரு ரூபாய்கூடத் தேவையான செலவு இல்லை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், சரிசெய்கிறேன் என்று அவர்கள் செய்துவிட்டுப் போனது அதைவிட மோசம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன், தக்கலைக்குப் பக்கத்தில். போட்டோ எல்லாம் கீழே இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில், விண்டோஸ் 10. டிசைன் வேலைக்குப் புதிதாக லேப்டாப் வாங்கினேன், விண்டோஸ் 11 ப்ரோ. பழைய லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப் போல்டரைத் திறந்து வேலை செய்வது வருஷக்கணக்காக ஓடிய விஷயம், கடவுச்சொல்லே கேட்காது. புதிய லேப்டாப்பில் அதே போல்டரைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து நின்றது. அதில் எழுதியிருந்ததன் சாரம்: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது. என் வீட்டில் நிறுவனம் என்று இருப்பது நான் ஒருத்திதான், நான் எந்தக் கொள்கையும் போடவில்லை. சரி, தெரிந்தவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு கடைக்கு போன் செய்தேன்.

வந்த தம்பியிடம் அந்தப் பெட்டியைக் காட்டினேன். அவன் அதைப் படிக்கவே இல்லை, மூடிவிட்டான். டெஸ்க்டாப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "இடியில நெட்வொர்க் கார்டு போயிட்டுக்கா" என்றான். ஐப்பசி மாதம், தினமும் சாயங்காலம் இடி. இடியில் மோடம் போவது நம்ம ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற சங்கதிதான், அதனால் அவன் சொன்னது நம்பும்படியாகவே இருந்தது. புதுக் கார்டு ஒன்றை மாட்டினான், 2,400 ரூபாய். ஆன்லைனில் அந்த மாதிரிக் கார்டு ஆயிரத்துக்குள் கிடைக்கிறது என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். கழற்ற வேண்டிய பழைய கார்டு எதுவும் இல்லை, ஏனென்றால் நெட் ஒயர் சொருகும் பழைய போர்ட் மதர்போர்டிலேயே இருப்பது.

கார்டு மாட்டியும் அதே பெட்டி. உடனே பழி ரவுட்டர் மேல் போனது, "இது பழைய மாடல், ஷேரிங் எடுக்காது" என்று சொல்லி இன்னொரு ரவுட்டர் கொண்டுவந்து பைபர் பெட்டியிலிருந்து ஒரு ஒயரை அதில் சொருகி, லேப்டாப்பை அதன் வைஃபையில் சேர்த்தான். டெஸ்க்டாப்பின் ஒயர் அந்தப் பைபர் பெட்டியிலேயே கிடந்தது. அதுக்கப்புறம் பிரச்சினை இரட்டிப்பானது. முன்பு பட்டியலில் டெஸ்க்டாப்பின் பெயராவது தெரியும், இப்போது அதுவும் இல்லை. டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்பை எந்த வழியிலும் தொட முடியவில்லை. கேட்டதற்கு, விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுக்கா, அதான் இப்படி, புது சிஸ்டம் எடுங்க, நம்ம கடையிலேயே இருக்கு என்றான்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது உண்மை. அதற்கு அர்த்தம் பாதுகாப்பு அப்டேட் வழக்கம்போல வராது என்பதுதான், பைல் ஷேரிங் நின்றுவிடும் என்பது இல்லை. பாதி உண்மையைச் சொல்லிப் பொருள் விற்கிறார்கள்.

புது சிஸ்டம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னதும், உட்கார்ந்து என்னென்னவோ தட்டினான். கடைசியில் போல்டர் திறந்தது. "இப்ப ஓடுதுல்லா?" என்றான். ஓடியது. துண்டுச் சீட்டில் மொத்தமாக 7,800 என்று எழுதிக் கொடுத்தான், கடை முத்திரைகூட இல்லை. நல்லவேளை, பணத்தை ஜிபேயில் கடைக் கணக்குக்குத்தான் அனுப்பினேன்.

என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பையனால்தான் தெரிந்தது. ஆல்பத்துக்குப் போட்டோ தேர்ந்தெடுக்கக் குடும்பமாக வருவார்கள், வந்ததும் வைஃபை கேட்பார்கள், கொடுப்பேன், எல்லாரும் செய்வதுதான். மாப்பிள்ளையின் தம்பி சோபாவில் இருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவன், பைல் மேனேஜரில் லேன் என்று ஏதோ இருந்ததை அழுத்தியிருக்கிறான். போனை என் பக்கம் திருப்பி, "எக்கா, இது யாரு கல்யாணம்?" என்று கேட்டான். திரையில் என் டி டிரைவ் முழுக்க. கருங்கல் பக்கம் ஒரு வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்கள், குளச்சலில் எடுத்த ஞானஸ்நானம், என் கணக்கு வழக்கு, எங்கள் ஆதார் ஸ்கேன் வரைக்கும். பெயரும் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. பார்ப்பது மட்டுமில்லை, அவன் நினைத்திருந்தால் அழித்திருக்கலாம். நெட்வொர்க் வழியாக அழித்த பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

சித்தப்பா மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை வந்தான். வந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "எக்கா, கார்டு போயிட்டுன்னு சொன்ன அன்னைக்கு இந்த டெஸ்க்டாப்புல நெட் வந்துதா?" வந்தது. யூடியூப் ஓடியது. "அப்ப கார்டு எப்படிப் போவும்?" என்றான். இன்டர்நெட்டும் பைல் ஷேரிங்கும் ஒரே ஒயர், ஒரே போர்ட் வழியாகத்தான் போகின்றன, ஒன்று வந்து இன்னொன்று வரவில்லை என்றால் கோளாறு செட்டிங்கில். புதுக் கார்டிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் "போய்விட்ட" பழைய போர்ட்டில் சொருகினான். சின்னப் பச்சை விளக்கு மினுமினுக்க ஆரம்பித்தது, நெட் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினான். டெஸ்க்டாப்பில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் பயர்வால் முழுக்க அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டி டிரைவ் மொத்தமும் "எவ்ரிஒன்" (யாராக இருந்தாலும்) என்ற பெயருக்கு முழு உரிமையோடு திறந்து கிடந்தது. லேப்டாப்பில் விருந்தினர் நுழைவுக்கு இருந்த தடையைக் கடைப் பையன் எடுத்துவிட்டிருந்தான். இதற்கெல்லாம் மேலே எஸ்எம்பி 1 என்ற பழைய பைல் ஷேரிங் முறையை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருந்தான். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று முடக்கிய வானாக்ரை வைரஸ் பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட்டே அதை இயல்பாகப் போடுவதை விட்டுவிட்டது. விண்டோஸ் 10-உம் 11-உம் பேசிக்கொள்ள அது தேவையே இல்லை, அவை இரண்டுக்கும் அதன் புதிய பதிப்பான எஸ்எம்பி 3.1.1 தெரியும். அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டர் என்று என்னைப் பயமுறுத்தியவனே அதன் பயர்வாலை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாவி தொலைந்த வீட்டுக்குக் கதவைக் கழற்றி வைத்த மாதிரி வேலை.

இன்னொன்று இருந்தது. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் ஒன்று, விண்டோஸ் தொடங்கும்போதே தானாகத் தொடங்கும்படி, நிரந்தரக் கடவுச்சொல் வைத்து. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் கேட்டால் "சர்வீஸுக்கு வசதிக்காக" என்றார்கள். யாருடைய வசதி?

உண்மைக் காரணம் அந்தப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராகப் போய்ப் பிறர் போல்டரைத் திறப்பதை இயல்பாகவே மறுக்கிறது. தவிர, அந்தப் பெட்டி வர வேண்டுமென்றாலே லேப்டாப் டெஸ்க்டாப் வரைக்கும் போய்ப் பேசியிருக்க வேண்டும். அதாவது ஒயர், கார்டு, ரவுட்டர் மூன்றும் நன்றாக இருந்தன.

சித்தப்பா மகன் செய்தது இவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கினான். டி டிரைவ் ஷேரை எடுத்துவிட்டு ஆல்பம் போல்டரை மட்டும் அந்தப் பயனருக்கு ஷேர் செய்தான். லேப்டாப்பில் \\192.168.1.5 என்று டெஸ்க்டாப் முகவரியை அடித்து அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, நினைவில் வைக்கச் சொன்னான். இங்கே பலர் திணறுவது, தினமும் கம்ப்யூட்டர் திறக்கும் நான்கு இலக்கப் பின்னை அடித்துப் பார்ப்பது. அந்தப் பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரோடு சரி, நெட்வொர்க்கில் கடவுச்சொல்தான் செல்லும். அப்புறம் இரண்டிலும் நெட்வொர்க் "பப்ளிக்" என்று இருந்ததை "பிரைவேட்" ஆக்கி, பயர்வாலைத் திரும்பப் போட்டு, எஸ்எம்பி 1-ஐயும் அந்த ஒளிந்திருந்த மென்பொருளையும் எடுத்தான். அம்மா பழம்பொரி போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ரவுட்டர் கதை தனி. இரண்டாவது ரவுட்டரின் வான் (வெளி இணைப்பு) துளையில் ஒயர் சொருகினால் அது தனக்கென்று வேறு ஒரு நெட்வொர்க் கட்டிக்கொள்ளும். டெஸ்க்டாப் 192.168.1 என்ற வரிசையில், லேப்டாப் 192.168.0 வரிசையில். உள்ளேயிருந்து வெளியே முகவரி அடித்துப் போகலாம், வெளியேயிருந்து உள்ளே வர முடியாது. சித்தப்பா மகன் ஒயரை லேன் (வீட்டுக்குள் இணைப்பு) துளைக்கு மாற்றி, அந்த ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்தினான், எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிட்டது. வீட்டில் யாராவது இரண்டாவது ரவுட்டர் மாட்டிய பிறகு பிரிண்டரோ டிவியோ காணாமல் போயிருந்தால், இரண்டு கருவிகளிலும் ஐபி முகவரியின் மூன்றாவது எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைக்கு நேரில் போனேன். பொருள் மாட்டியாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம் என்றார் முதலாளி. போர்ட் நன்றாக வேலை செய்யும் வீடியோவைக் காட்டினேன், "இடியில சில நேரம் அப்படித்தான், போயிட்டு வரும்" என்றார். போயிட்டு வருவதற்கு அது என்ன பஸ்ஸா? பில் கேட்டால் ஜிஎஸ்டி சேர்த்து 18 சதவீதம் அதிகமாகும் என்று மிரட்டல்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பணம் அனுப்பிய விவரம், துண்டுச் சீட்டு, அந்த மென்பொருள் நிறுவிய தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன். இதில் முடியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுத்தால் போதும், வக்கீல் கட்டாயமில்லை.

கடை பெயரை இன்பாக்ஸில் கேட்காதீர்கள், புகார் முடியும்வரை சொல்ல மாட்டேன். ஆனால் கடந்த சில மாதத்தில் யாரையாவது வைத்து வீட்டில் ஷேரிங் வேலை செய்திருந்தால், இன்றைக்கே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து நீங்கள் போடாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பயர்வால் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வரும் யாருடைய போனிலாவது உங்கள் டிரைவ் திறக்கிறதா என்பதைச் சோதிக்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.